ஸ்டென்டின் பூச்சு கரைந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குடியாத்தத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

“அப்பாவுக்கு 63 வயது. கைத்தறியில் லுங்கி நெய்தவர். போன தை மாதம் மாரடைப்பு வந்து, வேலூரில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலைக்குழாய்) வைத்தார்கள். கையில் கொடுத்த அட்டையில் பிளாட்டினம் குரோமியம், எவரோலிமஸ் மருந்து, உடலில் கரையும் பாலிமர் என்று போட்டிருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஒரு வருடம் விடாமல் போடச் சொன்னார்கள். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ‘அந்தப் பூச்சு நாலே மாதத்தில் கரைந்துவிடும், அதற்கப்புறம் மாத்திரை எதற்கு, வயிறுதான் புண்ணாகும்’ என்கிறார் மாமா. நடுவில் அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் பல் மருத்துவர். இன்னும் சில சந்தேகங்கள்: கரைகிற பிளாஸ்டிக் ரத்தத்தில் கலப்பது கெடுதல் இல்லையா? குரோமியம் என்றாலே எங்கள் பக்கத்தில் பயம், அது எப்படி இதயத்தில்? முழுவதுமே கரைந்துபோகிற ஸ்டென்ட் இருக்கிறதாமே, அதை ஏன் வைக்கவில்லை?”

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாத்திரை. இந்தப் பதிலைப் படிக்கிற இன்றைக்கும் அப்பா இரண்டு மாத்திரைகளையும் போட வேண்டும். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, மாமா சொன்னாலும் சரி, பல் மருத்துவர் சொன்னாலும் சரி.

நான் இதய மருத்துவர் அல்ல. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் பாலிமர்களை வைத்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவன், அதையே பார்மசி மாணவர்களுக்குப் பாடமாக நடத்துபவன். எந்த மாத்திரையை என்றைக்கு நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாமா போடுவது பாலிமர் கணக்கு. அது எங்கே இடறுகிறது என்று என்னால் சொல்ல முடியும்.

நாலு மாதம் என்று அவர் சொன்னது தப்பில்லை. அப்பாவுக்கு வைத்த வகையில், கம்பியின் வெளிப்பக்கத்தில், அதாவது ரத்தக்குழாயின் சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டும், சுமார் 4 மைக்ரான் தடிமனில் பாலிமர் பூசியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. எவரோலிமஸ் மருந்து அதற்குள் கலந்திருக்கும். சுமார் மூன்று மாதத்தில் மருந்து வெளியேறிவிடும், அதை ஒட்டியே நாலாவது மாத வாக்கில் பாலிமரும் போய்விடும்.

இந்தப் பூச்சு எதற்கு என்று கேட்டால், அப்பாவுக்குச் சட்டென்று புரிகிற உதாரணம் ஒன்று இருக்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது தறியில் நூல் அறுந்துபோகாமல் இருக்கத்தான். நெய்து முடித்ததும் கஞ்சியை அலசி எடுத்துவிடுகிறோம், துணி நிற்கிறது. இந்தப் பாலிமரும் ஒரு வேலைக்காகப் போடப்படுவது, வேலை முடிந்ததும் போய்விட வேண்டியது. அந்த வேலை, மருந்தை மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. பூச்சே இல்லாத வெறும் உலோக ஸ்டென்ட் வைத்த காலத்தில், நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு அதே இடம் மறுபடி அடைத்துக்கொண்டது. பலூனால் விரித்தபோது காயம்பட்ட சுவர், ஆறுகிற வேகத்தில் தேவைக்கு மேல் சதையை வளர்த்துவிடும். எவரோலிமஸ் அந்த வளர்ச்சியைத் தடுக்கிறது.

இங்கேதான் சிக்கல். சதை வளர்வதைத் தடுக்கிற அதே மருந்து, ரத்தக்குழாயின் உள்சவ்வு கம்பியின் மேல் படர்ந்து மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தை ரத்தம் வேற்றுப் பொருளாகவே பார்க்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து ஒட்டும், ஒட்டியது ரத்தக்கட்டியாகும், ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு வரும். இது மெதுவாக வருகிற அடைப்பு இல்லை, திடீரென்று வருவது. பலருக்கு இது அடுத்த மாரடைப்பாகிவிடும், உயிரையே எடுத்துவிடவும் கூடும். தட்டணுக்கள் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கத்தான் அந்த இரண்டு மாத்திரையும். பாலிமர் போன தேதியும் உள்சவ்வு முழுதாக மூடிய தேதியும் ஒன்றல்ல. முன்னதைத் தயாரிப்பாளர் வேதியியலால் முடிவு செய்கிறார். பின்னது ஒவ்வொருவர் உடம்பைப் பொறுத்தது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அது இன்னும் நாளாகலாம்.

இன்னொன்றையும் மாமா கவனிக்கவில்லை. அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு. இதயக் குழாய்களில் ஒரு இடத்தில் கொழுப்புத் திட்டு வெடித்திருக்கிறது என்றால், மற்ற இடங்களிலும் திட்டுகள் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு மாத்திரையும் ஸ்டென்டை மட்டும் காப்பதில்லை, அந்த இடங்களையும் சேர்த்துக் காக்கின்றன. அதனால்தான் மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, பூச்சு எந்த வகையானாலும், பொதுவாக 12 மாதம் இரண்டையும் கொடுக்கிறார்கள். சிலருக்கு மருத்துவர்களே காலத்தைக் குறைப்பதுண்டு. வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், வேறு ஏதோ அவசர அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியவர் என்று ரத்தக்கசிவின் ஆபத்தை எடைபோட்டுச் செய்கிற முடிவு அது. அந்த முடிவை எடுக்கும்போது பாலிமர் கரைந்த தேதியை யாரும் அளவுகோலாக வைப்பதில்லை. ஒரு வருடம் கழித்தும் ஆஸ்பிரின் போன்ற ஒன்று பெரும்பாலும் தொடரும்.

வயிறு புண்ணாகும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு வழி மாத்திரையை விடுவது அல்ல, வயிற்றுக்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்குவது. அதிலும் ஒரு எச்சரிக்கை: மெடிக்கலில் ‘கேஸ் மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டால் ஒமிப்ரசோலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குளோபிடோகிரல் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்கிற நொதியையே ஒமிப்ரசோல் தடுக்கிறது. எசோமிப்ரசோலும் அப்படித்தான். பான்டோப்ரசோலுக்கு அந்தத் தொல்லை குறைவு என்பதால் பெரும்பாலும் அதை எழுதுகிறார்கள். சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மூட்டு வலி, முதுகு வலி என்று டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இவற்றை அப்பா தானாக வாங்கிப் போடவும் விடாதீர்கள். ரத்தக்கசிவு வருவதற்குப் பல வீடுகளில் அதுவே காரணம். மாத்திரைச் செலவுதான் பாரம் என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காட்டி வாங்க வழி இருக்கும். செலவுக்காக நடுவில் விடுவதுதான் ஆபத்து.

சரி, இனி என் துறைக்கு வருகிறேன். கரைகிற பிளாஸ்டிக் கெடுதலா?

பிளாஸ்டிக் என்றதும் உங்கள் மனதில் பாலாற்று மணலில் புதைந்து கிடக்கும் கேரி பைதான் வந்திருக்கும். அது பாலித்தீன். எத்தனை சிறிய தூளாக உடைந்தாலும் அது பாலித்தீனாகவே இருக்கும், அதன் மூலக்கூறுச் சங்கிலியைத் தண்ணீரால் வெட்ட முடியாது. மைக்ரோ பிளாஸ்டிக் என்று பேசப்படுவது அதைத்தான். அப்பாவின் ஸ்டென்டில் இருப்பது லாக்டிக் அமிலத்தையும் கிளைக்காலிக் அமிலத்தையும் கலந்து கோத்த சங்கிலி. பி.எல்.ஜி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வோம். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தண்ணீர் வெட்டும். வெட்ட வெட்டத் துண்டுகள் சிறிதாகி, நீரில் கரைகிற அளவுக்கு வந்து, கடைசியில் பழையபடி அந்த இரண்டு அமிலங்களாகவே ஆகிவிடும்.

கண்ணால் பார்த்தால் இது நன்றாக விளங்கும். பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உலர்த்தினால் தெளிவான மெல்லிய படலம் கிடைக்கும். அதை ரத்தத்தின் காரநிலையில் உள்ள உப்புக்கரைசலில், 37 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தொட்டியில் போட்டு வைப்போம். முதலில் படலம் வெளுக்கும். நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். வாரங்கள் போகப் போக, இடுக்கியால் தூக்கினால் நொறுங்கும். பிறகு தூக்குவதற்கே ஒன்றும் இருக்காது. கரைசலில் அமிலம் மட்டும் கூடியிருக்கும். அதே பாலிமரின் புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்தில் முதல் பாடம். மூடியபடியே அறையின் சூட்டுக்கு வரவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளில் படிந்து, சங்கிலி அங்கேயே வெட்டுப்பட ஆரம்பித்துவிடும். வேலூர் வெயிலில் அந்தப் புட்டி வியர்ப்பதைப் பார்த்த மாணவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கரையும் தையல் நூலை ஈரம் புகாத அலுமினியத் தாளில் அடைத்து விற்பதும் இதனால்தான்.

எவ்வளவு நாளில் கரைய வேண்டும் என்பதை நாங்கள் விகிதத்தால் முடிவு செய்கிறோம். இரண்டு அமிலமும் பாதிக்குப் பாதி இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். லாக்டிக் பங்கு 85 ஆனால் ஐந்தாறு மாதம் நிற்கும். லாக்டிக் மட்டுமே என்றால் வருடக் கணக்கு. லாக்டிக் அமிலத்தில் நீரை ஒதுக்கும் ஒரு பகுதி இருப்பதுதான் காரணம்.

வெளியே வரும் லாக்டிக் அமிலம் உடம்புக்கு அந்நியம் இல்லை. ஓடினாலும், படி ஏறினாலும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் தசைகளும் சிவப்பணுக்களும் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் உண்டாகி, செலவும் ஆகிவிடுகிறது. அப்பாவின் ஸ்டென்டில் உள்ள மொத்தப் பாலிமர் ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடாது. அதுவும் நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கடைசியில் கரியமில வாயுவாக மூச்சிலும், நீராகவும் போய்விடும். கிளைக்காலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறும்.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு சாதுவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கனமான துண்டாகச் செய்தால், உள்ளே உண்டாகும் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, நடுப்பகுதி முந்திக் கரையும். எலும்பு முறிவுக்குக் கிளைக்காலிக் அமிலப் பாலிமரில் தொடக்க காலத்தில் செய்த ஆணிகளால், சிலருக்கு அந்த இடம் வீங்கி, கிருமியே இல்லாமல் நீர் கசிந்தது. 4 மைக்ரான் பூச்சில் அமிலம் தேங்க இடமே கிடையாது. உண்டானதும் ரத்தமும் திசுநீரும் அதைக் கொண்டுபோய்விடும்.

இந்தக் குடும்பத்துப் பாலிமர்கள் உடம்புக்குள் போவது நேற்று ஆரம்பித்த சோதனையும் அல்ல. கிளைக்காலிக் அமிலத்தில் செய்த கரையும் தையல் நூல் 1970-இல் வந்தது. உங்கள் வீட்டிலேயே யாருக்காவது பிரசவத்திலோ குடலிறக்க அறுவை சிகிச்சையிலோ ‘தையல் பிரிக்க வேண்டாம், தானே கரைந்துவிடும்’ என்று சொல்லியிருந்தால், பெரும்பாலும் அது இந்தக் குடும்பத்து நூல்தான். பிராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு முறை போடும் லியூப்ரோலைடு ஊசியில், இதே பாலிமரில் செய்த நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 1989-இல் அனுமதி கிடைத்தது.

அடுத்து குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீர் மஞ்சளானதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நீரில் கரையும், செல்லுக்குள் நுழையும், புற்றுநோயை உண்டாக்கும். ஸ்டென்டில் இருப்பது உலோகக் கலவையாக இறுகிய குரோமியம். அதன் மேற்பரப்பில் மூன்று இணைதிறன் குரோமியத்தின் ஆக்சைடு மிக மெல்லிய படலமாகப் படிந்து, உலோகம் அரிக்காமல் காக்கிறது. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தைக் காப்பதும் அதே படலம்தான். இரண்டும் ஒரே தனிமம், வேறு வேறு நிலை.

நீங்கள் டிரம்மில் போடும் குரோம் உப்பும் மூன்று இணைதிறன் வகைதான். தோலின் கொலாஜன் இழைகளை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால்தான் வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதப்படுத்திய ஈரத்தோல், அழுகுவதில்லை. மருத்துவமும் இதை வெகுகாலமாகப் பயன்படுத்தியிருக்கிறது. ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுத்த கேட்கட் நூலும் கொலாஜன்தான், அதை உடம்பின் நொதிகள் சீக்கிரமே தின்றுவிடும். ஒரு வாரம், பத்து நாளில் பிடிமானம் போய்விடும். அதையே குரோம் உப்பில் நனைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். குரோமிக் கேட்கட் என்று அறுவை அரங்கில் கேட்டு வாங்குவார்கள். உடம்புக்குள் ஒரு பொருள் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை வேதியியலால் தீர்மானிக்கிற வேலையை, குரோமியத்தை வைத்து முன்பே செய்தவர்கள் அந்த நூலைத் தயாரித்தவர்கள். பி.எல்.ஜி.ஏ. வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு இன்னும் துல்லியமாயிற்று, அவ்வளவுதான்.

அப்படியானால் முழு ஸ்டென்டையும் கரைகிற பொருளில் செய்தால் என்ன? அந்த ஆசை எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2016 ஜூலையில் அப்சார்ப் என்ற ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுக்க லாக்டிக் அமிலப் பாலிமர், இரண்டு மூன்று வருடத்தில் கரைந்து, குழாய் பழையபடி தானாகச் சுருங்கி விரியும் என்பது கணக்கு. ஆனால் பாலிமருக்கு உலோகத்தின் பலம் கிடையாது. அதே தாங்குதிறன் வேண்டுமென்றால் கம்பியைத் தடிமனாகச் செய்ய வேண்டும். அப்பாவின் ஸ்டென்டில் கம்பி 74 மைக்ரான், அதில் சுமார் 150. தடித்த கம்பி ரத்த ஓட்டத்தைக் கலக்கும், உள்சவ்வு ஏறி மூடவும் நாளாகும். உலோக ஸ்டென்டைவிட அதில் ரத்தக்கட்டி அதிகமாக வந்தது. 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2024-இல் அந்த வழியில் வந்த மெல்லிய வகை ஒன்றுக்கு, முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களுக்காக அங்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இதயத்துக்கு இப்போது பரவலாக வைப்பது உலோக ஸ்டென்ட்தான். அப்பாவுக்கு மருத்துவர் செய்தது சரியான தேர்வு.

இதில் இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலில் வந்த மருந்து ஸ்டென்டுகளில் பாலிமர் கரையாது, நிரந்தரமாகத் தங்கிவிடும். மருந்து தீர்ந்த பிறகும் அந்தப் பூச்சு சிலருக்குக் குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட ரத்தக்கட்டி வருவது 2006 வாக்கில் பெரிய விவாதமாயிற்று. கரையும் பூச்சுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான். ஆனால் நிரந்தரப் பூச்சுகளும் அதற்குப் பிறகு வெகுவாக மேம்பட்டுவிட்டன. இன்றைய நல்ல நிரந்தரப் பூச்சையும் கரையும் பூச்சையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. ‘எங்கள் பெரியப்பாவுக்குக் கரையாத பூச்சு வைத்துவிட்டார்களே’ என்று யாராவது கலங்கினால், கலங்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். விலையிலும் ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தபோது, மருந்து பூசியவை எல்லாவற்றையும், கரையும் வகைகளையும் சேர்த்தே, 29,600 ரூபாய் என்ற ஒரே வரம்புக்குள்தான் வைத்தார்கள். அதற்குப் பிறகு தொகை மாறியிருக்கிறது, உச்சவரம்பு என்ற ஏற்பாடு நிற்கிறது.

மிச்சம் இருப்பது பல். ஐந்து நாள் என்று பல் மருத்துவர் சொன்னதற்கும் ஒரு அடிப்படை உண்டு. குளோபிடோகிரல் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்க முடக்கிவிடும், புதியவை போதுமான அளவு வர அத்தனை நாள் ஆகும். பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு முன் அப்படி நிறுத்துவதுண்டு. ஆனால் ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு, ஸ்டென்ட் வைத்து ஐந்தே மாதம் ஆனவருக்கு, இரண்டையும் நிறுத்துவது சரியல்ல. பல் மருத்துவ வழிகாட்டுதல்களே பொதுவாக மாத்திரையைத் தொடர்ந்தபடி பல்லை எடுக்கத்தான் சொல்கின்றன. பல் குழியின் ரத்தக்கசிவு வெளியே தெரிவது, அழுத்திப் பிடிக்க முடிவது. பஞ்சை வைத்து அரைமணி நேரம் கடிக்கச் சொல்லலாம், ஒரு தையல் போடலாம், கரையும் பஞ்சு வைக்கலாம், டிரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிக்கக் கொடுக்கலாம். ஸ்டென்டுக்குள் கட்டி வந்தால் அப்படிக் கையால் அழுத்தி நிறுத்த வழியில்லை.

பல் மருத்துவரோடு சண்டை வேண்டாம். ஸ்டென்ட் அட்டையை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேலூருக்குப் பரிசோதனைக்குப் போகும்வரை காத்திருக்காமல் இதய மருத்துவரிடம் இந்த வாரமே காட்டி, ‘மாத்திரையைத் தொடர்ந்தபடி பல் எடுக்கலாமா, இல்லை தள்ளிப்போடலாமா’ என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வலி பொறுக்கும்படி இருந்தால், சீழ் இல்லையென்றால், சில மாதம் தள்ளிப்போடவும் அவர் சொல்லலாம். அந்தச் சீட்டைப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். எடுப்பதாக முடிவானால் வாரத்தின் தொடக்கத்தில், காலை நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் கசிவு வந்தாலும் அன்றே திரும்பிப் போய்க் காட்ட முடியும்.